பழைய வீட்டு மெயின் பெட்டி: புதிதாகக் குடிவருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய வீடு வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது கூரையை. அப்புறம் குளியலறை, அப்புறம் காடி நிறுத்த இடம். வாசல் கதவுக்கு மேலே ஊதுபத்திப் புகை படிந்து கிடக்கும் மெயின் பெட்டியை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. "லைட் எரியுது, காற்றாடி சுத்துது, வேறென்ன வேணும்?" என்பார்கள். லைட் எரிந்தால் கரண்ட் வருகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். போகக் கூடாத இடத்துக்குக் கரண்ட் போனால் அதை நிறுத்த அந்தப் பெட்டிக்குள் ஏதாவது இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

இந்த ஊர்ப் பக்கம் வயரிங் வேலை செய்பவன் நான். புதிதாகக் குடிவருபவர்கள் என்னிடம் கேட்பதையும், கேட்க வேண்டும் என்று நான் நினைப்பதையும் வரிசையாக எழுதுகிறேன். இதில் ஸ்க்ரூடிரைவர் எடுக்கிற வேலை ஒன்றுமே கிடையாது. பெட்டியை வெளியிலிருந்து படிக்கத் தெரிந்தால் போதும். திறப்பதற்கு லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

முதல் படி: பெட்டியின் வயதைக் கண்டுபிடியுங்கள்

நமக்குப் பக்கத்தில்தான் பேராக் ஆற்றில் செண்டேரோ அணை 1930இலேயே மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது. அந்த மின்சாரம் பெரும்பாலும் போனது கிந்தா ஈயச் சுரங்கங்களுக்கு. தோட்டத்து லயங்களில் அதற்குப் பிறகும் ரொம்ப நாள் மண்ணெண்ணெய் விளக்குதான். பல தோட்டங்களில் நிர்வாகத்தின் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் ஓடும், அப்புறம் நின்றுவிடும். லயத்தை விட்டுப் பட்டணத்து வீடமைப்புத் தாமான்களுக்கு வந்தவர்கள் வாங்கிய வீடுகளிலும் வயரிங் சிக்கனமாகவே இருந்தது: நாலைந்து விளக்கு, இரண்டு காற்றாடி, ஒரு டிவி, ஓர் ஐஸ்பெட்டி. அந்தக் கணக்குக்குப் போட்ட பெட்டிதான் இன்றைக்கு ஏர்கோன், வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின், ஏர் பிரையர் எல்லாவற்றையும் சுமக்கிறது.

மீட்டர் பலகையிலோ அதன் பக்கத்தில் இருக்கும் பியூஸ் மூடியிலோ எல்.எல்.என். என்ற எழுத்து தெரிந்தால் அந்தச் சாமான் 1990க்கு முந்தையது. அந்த ஆண்டுதான் எல்.எல்.என். என்ற பழைய தேசிய மின்சார வாரியம் போய் டி.என்.பி. என்ற இன்றைய மின்சார நிறுவனம் வந்தது. எழுத்து ஒன்றும் தெரியவில்லையா? வீடு கட்டிய ஆண்டைக் கேளுங்கள். மறுபடி வயரிங் செய்ததுண்டா என்பதையும் விற்பவரிடமே கேட்டுவிடுங்கள். "அதெல்லாம் செஞ்சாச்சு" என்று சொன்னால், யார் செய்தது, தாள் இருக்கிறதா என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். எந்தத் தாள் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாம் படி: எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மின்கம்பத்திலிருந்து வரும் லைன், மீட்டர், மீட்டருக்கு முன்னால் இருக்கும் பியூஸ், அவற்றில் தொங்கும் சீல் எல்லாம் டி.என்.பி.க்குச் சொந்தம். சீலை உடைப்பது குற்றம். அதைவிட முக்கியம், அந்தப் பகுதியை உங்கள் மெயின் ஸ்விட்சால் அணைக்க முடியாது. வீட்டையே இருட்டாக்கினாலும் அங்கே உயிர் இருக்கும்.

மீட்டருக்கு அப்புறம் உள்ளதெல்லாம் உங்கள் பொறுப்பு. "டி.என்.பி. ஆள் வந்து ஸ்மார்ட் மீட்டர் மாட்டிட்டாரு, எல்லாம் புதுசு" என்று நம்புகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் மாற்றியது மீட்டரைத்தான். உங்கள் பெட்டியை யாரும் தொடவில்லை.

மூன்றாம் படி: உங்கள் பெட்டி எந்த வகை?

நம் ஊரில் மூன்று வகை உண்டு. பலகையில் வெள்ளைப் பீங்கான் பியூஸ்கள் வரிசையாக இருப்பது பழையது. சுவிட்ச் போல மேலும் கீழும் தட்டக்கூடிய எம்.சி.பி.களும் (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுபவை), பக்கத்தில் கொஞ்சம் அகலமாக, டெஸ்ட் பொத்தான் வைத்த ஓர் இ.எல்.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் விழுவது) இருந்தால் நடுத்தரம். டெஸ்ட் பொத்தான் உள்ளவை இரண்டு மூன்று இருந்தால் பெரும்பாலும் புதியது. சில வீடுகளில் முன்னால் பழைய பியூஸ் பலகை, பின்னால் கூட்டிக் கட்டிய சமையலறைக்கு மட்டும் ஒரு சின்ன புதுப் பெட்டி என்று கலந்தும் இருக்கும். அப்படி இருந்தால் பழைய பலகையை வைத்துத்தான் வீட்டை எடைபோட வேண்டும்.

பியூஸ் பலகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பீங்கான் கட்டையை இழுத்தால் உள்ளே இரண்டு ஸ்க்ரூவுக்கு நடுவில் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் அது உருகி லைனை அறுத்துவிடும். ஏற்பாடு நல்லதுதான், சரியான கம்பி இருக்கும் வரை. 5 ஆம்பியர் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் பழைய அயன் பெட்டி வயரிலிருந்து உருவிய செம்புக் கம்பி மூன்று நான்கு இழை முறுக்கியிருக்கும். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டிச் செருகியிருந்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் அதற்குப் பிறகு பியூஸ் போனதே இல்லையாம், பெருமையாகச் சொன்னார்கள். பியூஸ் உருகாவிட்டால் அடுத்து சூடாவது சுவருக்குள் ஓடும் வயர். சரியான கம்பியே இருந்தாலும் இந்த வகைப் பியூஸ் உருகுவதற்கே, எழுதியிருக்கும் அளவைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும்.

இன்னொன்று, பழைய பலகைகளில் லைனுக்கு ஒரு பியூஸ், நியூட்ரலுக்கு ஒரு பியூஸ் என்று ஜோடியாக இருக்கும். நியூட்ரல் பியூஸ் மட்டும் உருகினால் விளக்கு அணைந்துவிடும், காற்றாடி நின்றுவிடும். பார்ப்பவருக்குக் கரண்ட் இல்லை என்றே தோன்றும். ஆனால் விளக்குக் கூட்டில் 230 வோல்ட் அப்படியே நிற்கிறது. பல்பு மாற்ற நாற்காலி போட்டு ஏறுகிறவருக்கு இது தெரியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: பியூஸும் எம்.சி.பி.யும் வயரைக் காப்பாற்றத்தான் இருக்கின்றன, ஆளைக் காப்பாற்ற அல்ல. மனிதன் உயிருக்கு ஆபத்து வராமல் தடுக்க வேண்டுமானால் 30 மில்லி ஆம்பியர் கசிந்த உடனே லைன் அறுபட வேண்டும். 15 ஆம்பியர் பியூஸ் என்பது அதற்கு 500 மடங்கு. உங்கள் உடம்பு வழியாக ஓடும் கரண்டை அந்தப் பியூஸ் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஆளைக் காப்பதற்கு இருப்பது இ.எல்.சி.பி. ஒன்றுதான். இன்றைய பெயர் ஆர்.சி.சி.பி., கடையில் எந்தப் பெயர் சொன்னாலும் எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளே போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், எங்கேயோ கசிகிறது என்று தட்டிவிடும்.

அதன் முகத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். 0.1 ஆம்பியர் என்றால் 100 மில்லி. பழைய தாமான் வீடுகள் பலவற்றில் இது ஒன்றுதான் இருக்கும். தீப்பிடிக்காமல் தடுக்க ஓரளவு உதவும், ஆனால் ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பாற்றப் போதாது. 0.03 என்றால் 30 மில்லி, கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாமான்களுக்கான பிளக்குகளுக்கு அதுதான் வேண்டும். ஈரமான இடத்துக்கு, அதாவது குளியலறை வாட்டர் ஹீட்டர் லைனுக்கு, 0.01, பத்து மில்லி. இவை 1994ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகளில் உள்ள அளவுகள்.

ரொம்பப் பழைய இ.எல்.சி.பி. ஒரு வகை உண்டு. எர்த் வயர் அதற்குள்ளேயே போய் வரும், அதற்கென்றே இரண்டு முனைகள் இருக்கும், எஃப் என்றும் ஈ என்றும் எழுதியிருப்பார்கள். எர்த் வயரில் வோல்டேஜ் ஏறினால் மட்டுமே அது தட்டும். வெளியே எர்த் கம்பி அறுந்திருந்தால் அது பெட்டியில் இருந்தும் இல்லாத மாதிரிதான். உங்கள் வீட்டில் அது இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

நான்காம் படி: பாருங்கள், முகருங்கள், கேளுங்கள்

பகல் வெளிச்சத்தில் மூடி மூடியபடியே இருக்கட்டும், கிட்டப் போய் நில்லுங்கள். பிளாஸ்டிக்கில் பழுப்பு நிறக் கறை, ஓரத்தில் நெளிவு, சுவரில் கரும்புகை ஏறிய கோடு இருந்தால் உள்ளே ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தளர்ந்த இணைப்பில் தடை கூடும், தடை கூடினால் சூடு. கரண்ட் இரண்டு மடங்கானால் அந்தச் சூடு நான்கு மடங்கு. நம் ஊர் ஈரக் காற்றில் செம்பு பச்சை பிடித்துப்போய் அந்தத் தளர்வு தானாகவே வளரும்.

மீன் வாடை போன்ற நாற்றம் வருகிறதா? பிளாஸ்டிக்கும் வயர் உறையும் சூடேறினால் சில சமயம் அப்படித்தான் நாறும். சமையலறையில் மீனே இல்லாத நாளில் வாசல் பக்கம் மீன் நாறினால் பெட்டியைச் சந்தேகியுங்கள். சடசட என்று மெல்லிய சத்தம், விளக்கு காரணமில்லாமல் மங்கி மங்கி எரிவது, மூடியைப் புறங்கையால் தொட்டால் சூடு, இவற்றில் எது இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மூடி உடைந்திருந்தால் தொட்டுப் பார்க்கும் வேலையே வேண்டாம்.

பலகைக்குக் கீழே மண்கோடு ஏறியிருந்தால் கரையான். பெட்டியில் விரல் நுழையும் ஓட்டை இருந்தால் பல்லி உள்ளே குடியிருக்கும். இரண்டு முனைக்கு நடுவில் பல்லி கருகி ஒட்டிக்கொண்டிருப்பது எங்கள் தொழிலில் சாதாரணக் காட்சி.

ஐந்தாம் படி: டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள்

நீங்களே செய்யக்கூடிய ஒரே சோதனை இது. கணினி, டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கரண்ட் இருக்கும்போதே, இ.எல்.சி.பி.யில் டி என்று இருக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். டக் என்று விழ வேண்டும். விழுந்தால் மறுபடி மேலே தட்டிவிடுங்கள். மாதம் ஒரு தடவை இதைச் செய்யுங்கள். ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்தால் உள்ளே உள்ள பொறி இறுகிப்போய், தேவைப்படும் நாளில் விழாது. அழுத்தியும் விழவில்லை என்றால் அது செத்துவிட்டது. மாற்றும் வரை வாட்டர் ஹீட்டரைப் பயன்படுத்தாதீர்கள்.

பொத்தான் வேலை செய்கிறது என்பதற்காக எர்த் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடவும் கூடாது. இப்போதைய ஆர்.சி.சி.பி.யில் அந்தப் பொத்தான் தனக்குள்ளேயே ஒரு கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது, வீட்டு எர்த்தை அது தொடுவதே இல்லை. எர்த்துக்கு வீட்டைச் சுற்றி நடங்கள். வெளிச்சுவர் ஓரமாகத் தரையில் ஒரு செம்புக் கம்பி அடித்திருக்கும், பச்சை வயர் அதில் வந்து சேரும். புல்வெட்டும் மெஷினில் அடிபட்டு அறுந்திருக்கிறதா, சிமெண்ட் போட்டபோது மூடிவிட்டார்களா, அல்லது செம்புக்காக யாராவது பிடுங்கிப் போய்விட்டார்களா? மூன்றுமே நடக்கும்.

ஆறாம் படி: சுமையைக் கூட்டிப் பாருங்கள்

வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர். 3,600 வாட் வாட்டர் ஹீட்டர் கிட்டத்தட்ட 16 ஆம்பியர் இழுக்கும். 2,000 வாட் கெட்டில் 9. ரைஸ் குக்கர் 3, அயன் பெட்டி 4 அல்லது 5. காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் சமையலறையில் ஒரே பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து கெட்டில், குக்கர், டோஸ்டர் மூன்றையும் போட்டால் 13 ஆம்பியர் பிளக்கின் எல்லையை அங்கேயே தாண்டிவிட்டீர்கள். வாட்டர் ஹீட்டருக்கும் ஏர்கோனுக்கும் பெட்டியிலிருந்தே தனித்தனி லைன் வர வேண்டும். முந்தைய குடும்பம் பக்கத்து அறைப் பிளக்கிலிருந்து இழுத்துக் கொடுத்திருந்தால் அதை முதலில் வயர்மேனிடம் சொல்லிப் பிரிக்கச் சொல்லுங்கள்.

சமாளிக்கப் பியூஸ் கம்பியைத் தடிமனாக்குவதோ, 20 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றி 32 போடுவதோ தீர்வு ஆகாது. சுவருக்குள் இருக்கும் வயர் அதே வயர்தான்.

பேனா மூடியை மேல் ஓட்டையில் குத்திக்கொண்டு இரண்டு முள் பிளக்கைச் செருகும் பழக்கத்தையும் இதோடு விட்டுவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் சிரிம் தர முத்திரை உள்ள அடாப்டர் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். பிளக்கில் செருகினால் பில் குறையும் என்று விற்கும் பெட்டிகளில் அந்தக் காசைப் போடாதீர்கள்.

ஏழாம் படி: சரியான வயர்மேனைப் பிடியுங்கள்

"நம்ம பையன்தான், நல்லா செய்வான்" என்பது போதாது. எரிசக்தி ஆணையம், அதாவது சுருஹான்ஜாயா தெனாகா, கொடுக்கும் பெண்டாவாய், அதாவது வயர்மேன், தகுதிச் சான்றிதழ் அவரிடம் இருக்க வேண்டும். பி.டபிள்யூ. 1, 2 என்றால் சிங்கிள் பேஸ், 3, 4 என்றால் த்ரீ பேஸ். சாதாரணத் தாமான் வீடு பெரும்பாலும் சிங்கிள் பேஸ்தான். காட்டச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். கார்டு வைத்திருப்பவர் கோபப்பட மாட்டார், கார்டு இல்லாதவர்தான் கோபப்படுவார்.

விலை பேசும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். வயர் உறை தாங்குமா என்று பார்க்கும் இன்சுலேஷன் சோதனை செய்துவிட்டு விலை சொல்கிறாரா, பார்த்த மாத்திரத்தில் சொல்கிறாரா? வேலை முடிந்ததும் போராங் ஜி, போராங் எச் என்ற இரண்டு பாரங்களும் கையெழுத்திட்டுத் தருவாரா? ஜி என்பது வேலையை மேற்பார்த்து முடித்ததற்குச் சான்று, எச் என்பது சோதித்ததற்கு. மேலே சொன்ன தாள் இதுதான். வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

பெட்டி மட்டும் மாற்றுவது சில நூறு ரிங்கிட்டில் முடியும், முழு வயரிங் என்றால் ஆயிரக்கணக்கில் போகும். சோதனையில் வயர் உறை தேறினால் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். ரப்பர் உறை போட்ட பழைய வயர், தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிறது என்றால் புதுப் பெட்டி மாட்டிப் பிரயோசனம் இல்லை. மொத்தத்தையும் மாற்றப் பணம் பிறகுதான் வரும் என்றால், என் வரிசை இது: முதலில் எர்த், அடுத்து 30 மில்லி ஆர்.சி.சி.பி., அடுத்து வாட்டர் ஹீட்டருக்குத் தனி லைனும் பத்து மில்லியும். விளக்கு லைன்கள் காத்திருக்கலாம். அலங்கார சீலிங் விளக்குகள் இன்னும் காத்திருக்கலாம். இடி மின்னல் அதிகம் உள்ள ஊர் என்பதால் கையில் மீதி இருந்தால் சர்ஜ் புரொடெக்டர் ஒன்றையும் பெட்டியில் சேர்க்கச் சொல்லுங்கள்.

வாடகை வீடு என்றால் செலவு பெரும்பாலும் வீட்டுக்காரருடையது. கறையைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் பேசுங்கள். இன்னும் தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள் தங்கள் கைக்காசைப் போட வேண்டாம். 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டப்படி அந்த வீடுகளைப் பழுதில்லாமல் வைத்திருப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. ஆபீசில் எழுத்து மூலம் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ராத்திரியில் டிரிப் ஆனால்

புதுப் பெட்டி மாட்டிய அன்றே ஒவ்வொரு எம்.சி.பி.க்குக் கீழேயும் "முன் அறை", "அடுப்படி", "ஹீட்டர்" என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். மழையில் ஆர்.சி.சி.பி. விழுந்தால் எல்லா எம்.சி.பி.யையும் கீழே தட்டிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் ஏற்றுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக மேலே தட்டுங்கள். எதைத் தட்டும்போது மறுபடி விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. அதில் உள்ள பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். விழாமல் நின்றால் சாமான் ஏதோ ஒன்றில் கசிவு. பிறகும் விழுந்தால் வயரில்தான், அதைக் கீழேயே விட்டுவிட்டுத் தூங்குங்கள், காலையில் ஆளைக் கூப்பிடலாம். டேப் ஒட்டி அழுத்திப் பிடிக்க வேண்டாம். தெருவே இருட்டாக இருந்தால் உங்கள் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, டி.என்.பி.க்கு 15454இல் சொல்லுங்கள்.

பெட்டியில் தீ என்றால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மெயின் கைக்கு எட்டினால் அணையுங்கள், புகை சூழ்ந்திருந்தால் அதையும் விட்டுவிட்டு வீட்டாரை வெளியே கொண்டுவந்து 999ஐ அழையுங்கள். பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருந்தால் தீ சின்னதாக இருக்கும்போது மட்டும் பயன்படும். யாரையாவது கரண்ட் பிடித்துக்கொண்டால் கையைக் கொடுத்து இழுக்காதீர்கள். மெயினை அணைத்த பிறகே தொடுங்கள், முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் அல்லது பிளாஸ்டிக் நாற்காலியால் தள்ளிவிடுங்கள். மூச்சில்லை என்றால் 999ஐ அழைத்துவிட்டு உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பியுங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லே" என்று சொன்னாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டியிருக்கும்.